முதலில் சாணைக்கல்லை வாங்குங்கள்

1

போன மாதம் நண்பன் ஒருவன் தன்னுடைய புதுப் பட்டறையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பட்டறை என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பால்கனி. சுவரில் பிளைவுட் பலகை அடித்து அதில் 12 உளிகளை அளவுவாரியாக மாட்டியிருந்தான். பக்கத்தில் மூன்று இழைப்புளி, ஐந்து ரம்பம், பித்தளை பதித்த மூலைமட்டம், மேலே மஞ்சள் விளக்கு. நகைக்கடை மாதிரி இருந்தது. “எப்படி இருக்கு?” என்று கேட்டிருந்தான். “சாணைக்கல் எங்கடா?” என்று கேட்டேன். “அது அடுத்த மாசம் ஆர்டர் போடணும்” என்றான்.

அந்த அடுத்த மாசம் வராது. எனக்குத் தெரியும். நானே இரண்டு வருஷம் அந்த அடுத்த மாசத்தில் குடியிருந்தவன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியைச் சரிசெய்ய ஒரு தச்சர் வந்திருந்தார். வேலை முடிந்ததும், ‘நானும் இந்த வேலை செய்றவன்தான்’ என்று காட்டிக்கொள்ளும் அற்ப ஆசையில் அவரைப் பால்கனிக்கு அழைத்துப் போனேன். அவர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். ஓர் உளியின் வாயில் கட்டை விரலைக் குறுக்காக வைத்துத் தடவினார்.

“மொக்கையா இருக்கே சார்.”

“புதுசுண்ணே. போன மாசம்தான் வாங்கினேன்.”

“புதுசு மொக்கையாத்தான் சார் வரும். கல்லு எங்க?”

“கல்லு… இன்னும் வாங்கலை.”

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. “கல்லு இல்லாம இத்தனை எதுக்கு சார்?” என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு தன் பையிலிருந்து இரண்டு துண்டு உப்புத்தாள் எடுத்து, சமையலறை கிரானைட் மேடையில் விரித்து, தண்ணீர் தெளித்து, என் உளியைப் பத்து நிமிடம் தேய்த்துக் கொடுத்தார். நான் இரண்டு வருடமாக மரத்தை வெட்டவே இல்லை, இடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தக் கட்டுரையின் வாதம் சுருக்கமானது. கூர் தீட்டத் தெரியாதவர் வாங்கும் இரண்டாவது உளி வீண். மூன்றாவது உளி நோய். இந்த நோய் இப்போது நம் தலைமுறையில், குறிப்பாகக் கணினி முன் உட்கார்ந்து சம்பாதித்து வார இறுதியில் ‘கையால் ஏதாவது செய்யணும்’ என்று ஏங்கும் நம்மைப் போன்றவர்களிடம், வேகமாகப் பரவுகிறது. இதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆர்வம்’ என்கிறோம், ‘மரபுக்குத் திரும்புதல்’ என்கிறோம். இரண்டையும் நான் மறுக்கப்போகிறேன்.

2

முதலில் கூர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கவிதையில் அடிக்கடி வரும் சொல் இது. பட்டறையில் இதற்கு மிகச் சாதாரணமான அர்த்தம்: இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடு. அந்தக் கோட்டுக்கு அகலம் எவ்வளவு குறைவோ அவ்வளவு கூர்.

உளிக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சாய்வு. புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் சாய்வைத்தான் தேய்ப்பார்கள். ஆனால் கோடு இரண்டு தளங்களால் ஆனது. தட்டைப் பக்கத்தில் தொழிற்சாலைச் சக்கரம் விட்டுச்சென்ற கோடுகள் அப்படியே இருந்தால், சாய்வை எவ்வளவு தேய்த்தாலும் நுனி ரம்பப் பல் மாதிரிதான் இருக்கும். எனவே முதல் வேலை, தட்டைப் பக்கத்தின் நுனியிலிருந்து ஓர் அங்குலத்தைக் கல்லில் முழுதாகப் படியவைத்து, முகம் தெரிகிற வரைக்கும் தேய்ப்பது. சலிப்பான வேலை. ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் ஓர் உளிக்கு ஆயுளில் ஒரு முறைதான்.

பிறகு சாய்வு. பொதுவேலைக்கு 25 டிகிரியில் சாய்வைத் தேய்த்து, நுனியை மட்டும் சற்றுத் தூக்கி 30 டிகிரியில் முடிப்பது வழக்கம். கரடான முகத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் தட்டைப் பக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். விரலை உள்ளிருந்து வெளிப்பக்கமாக நகர்த்தினால் தட்டுப்படும். அந்தப் பிசிறுதான் சமிக்ஞை: இரண்டு தளங்களும் சந்தித்துவிட்டன. பிசிறு விளிம்பு முழுக்க வரும்வரை நுண்ணிய முகத்துக்குப் போகக் கூடாது. வந்த பிறகு நுண்ணிய முகத்தில் சாய்வைத் தேய்த்து, தட்டைப் பக்கத்தைக் கல்லில் படியவைத்து இரண்டு இழு. கடைசியாக ஒரு தோல் துண்டில், வெட்டும் திசைக்கு எதிர்த்திசையில் பத்து இழு. முடிந்தது.

கூர் வந்ததா என்று காகிதத்தை வெட்டிப் பார்ப்பார்கள், கையில் முடி மழித்துப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்த சோதனை வேறு. பார்சல் பெட்டியில் வருமே, மலிவான பைன் பலகை, அதன் வெட்டுமுகத்தில் உளியை வைத்துத் தள்ளுங்கள். மொக்கை உளி நார்களை நசுக்கி, வெள்ளையாகப் பொடித்துப்போட்டுவிடும். கூரான உளி மெழுகை வெட்டிய மாதிரி மினுங்கும் பரப்பை விட்டுச்செல்லும். மென்மையான மரத்தில் இது கடினமான மரத்தைவிடக் கஷ்டம். அதனால்தான் அது நேர்மையான சோதனை.

முதல் முறைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம்தான். ஆனால் எத்தனை முறை என்று கேட்காதீர்கள். தேக்கில் சிலிக்கா உண்டு; நல்ல எஃகின் வாயையும் அது சீக்கிரம் மழுக்கும். பழைய தேக்குக் கதவை மறுபயன்பாட்டுக்கு எடுத்தால் ஒரு மாலை வேலைக்குள் பலமுறை கல்லுக்குப் போக வேண்டியிருக்கும். போகத்தான் வேண்டும். மொக்கை உளிதான் கையை அறுக்கும். கூரானது நீங்கள் சொன்ன இடத்தில் நிற்கும். மொக்கையானதை நீங்கள் பலம் கொடுத்துத் தள்ளுவீர்கள், அது வழுக்கும், எதிரே உங்கள் இடது கை இருக்கும்.

3

“வாங்குறதே வாங்குறோம், நல்லதா வாங்கிடலாமே” என்பது நம் ஆட்களின் தாரக மந்திரம். வெளிநாட்டு இழைப்புளி ஒன்றுக்கு முப்பது நாற்பதாயிரம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கருவி அருமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் இழைப்புளி என்பது என்ன? ஓர் உளியைக் குறிப்பிட்ட கோணத்தில், குறிப்பிட்ட ஆழத்தில் பிடித்துக்கொள்ளும் பெட்டி. உள்ளே இருக்கும் தகடு மொக்கையானால், நாற்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி மொக்கைத் தகட்டை மிகத் துல்லியமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

இன்று கடைகளில் கிடைக்கும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை வடிவம் லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கருடையது. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் வாங்கியது. அதற்குப் பிறகு 150 வருடத்துக்கும் மேலாக அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. அதாவது பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒன்றும், உறை பிரிக்காத புதியதும், வேலை செய்யும் விதத்தில் ஒரே கருவிதான். பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. தகடு வெளியே வரும் வாயைச் சுற்றிலும் விரிசல் இருக்கக் கூடாது. அடித்தளம் நேராக இருக்க வேண்டும். ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் தெரிந்துவிடும். தகட்டின் மேல் உட்காரும் சின்ன மேல்தகடு இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். படியாவிட்டால் சீவல் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும். இது மூன்றும் சரியாக இருந்தால் துருவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். துரு தேய்த்தால் போகும், விரிசல் போகாது.

மூலைமட்டம் வாங்கும்போது கடைக்காரரிடம் ‘இது சரியா இருக்குமா’ என்று கேட்காதீர்கள். நேரான விளிம்புள்ள ஒரு பலகையில் மட்டத்தை வைத்துக் கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பி மறுபக்கமாக வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் மட்டம் சரி. விரிந்தால், விரிந்ததில் பாதி மட்டத்தின் பிழை. ஐந்து வினாடிச் சோதனை. பித்தளைப் பளபளப்பு இந்தச் சோதனையில் கணக்கில் வராது.

என்னிடம் பட்டியல் கேட்பவர்களுக்கு நான் தரும் வரிசை இதுதான், வரிசை முக்கியம். முதலில் கரடும் நுண்மையுமாக இரண்டு முகம் கொண்ட ஒரு சாணைக்கல். கூடவே ஒரு தடித்த கண்ணாடித் துண்டும் உப்புத்தாளும். கல்லின் நடுவில் குழி விழுந்தால் அதன் மேல் தேய்த்துக் கல்லைத் தட்டையாக்கிக்கொள்ளலாம். பிறகு ஓர் உளி, அரை அங்குலம். ஒரு மாதம் அதை மட்டும் தீட்டி வெட்டுங்கள். பிறகு ஒரு ரம்பம், ஒரு மூலைமட்டம். பிறகு ஒரு இழைப்புளி, ஓர் அங்குல உளி, இரண்டு கிளாம்ப். கொட்டாப்புளியை வாங்கவே வாங்காதீர்கள். விறகுக்கடையில் புளியங்கட்டையோ கருவேலங்கட்டையோ கிடைக்கும், அதில் நீங்களே செய்யுங்கள். அதுதான் உங்கள் முதல் வேலை. அசிங்கமாக வரும். பரவாயில்லை, அது அடிப்பதற்குத்தானே.

2011-இல் கிறிஸ்டோபர் ஷ்வார்ஸ் ‘தி அனார்க்கிஸ்ட்ஸ் டூல் செஸ்ட்’ என்ற புத்தகத்தை எழுதினார். ஐம்பதுக்கும் குறைவான கருவிகளே போதும், மலிவுச் சரக்கை வாங்கித் தள்ளும் நுகர்விலிருந்து வெளியே வாருங்கள் என்பது அதன் சாரம். எனக்குத் தெரிந்தவர்கள் அதைப் படித்துவிட்டு என்ன செய்தார்கள்? அந்த ஐம்பதையும் கார்ட்டில் போட்டார்கள். நுகர்வுக்கு எதிரான புத்தகத்தையே கடைப்பட்டியலாகப் படிக்கும் சாமர்த்தியம் நமக்குண்டு.

4

ரம்பத்துக்கு வருவோம். இங்கேதான் தனிமனிதச் சோம்பலைத் தாண்டி இன்னொரு விஷயம் இருக்கிறது.

இன்று எந்த ஹார்டுவேர் கடையில் கைரம்பம் கேட்டாலும் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஒன்றை எடுத்துத் தருவார்கள். பல் நுனிகளை உற்றுப் பாருங்கள். கருநீலமாக இருக்கும். பற்களின் நுனியை மட்டும் நொடிப்பொழுதில் சூடேற்றிக் கடினமாக்கியிருக்கிறார்கள். அதனால் ரொம்ப நாள் மழுங்காது. நல்லதுதானே? நல்லதுதான், மழுங்கும்வரை. மழுங்கிய பிறகு முக்கோண அரத்தை வைத்தால், அரம் வழுக்கும். பல்லைவிட அரம் மென்மை. அந்த ரம்பத்துக்கு இரண்டாம் பிறவி கிடையாது. குப்பைதான்.

பழைய ரம்பம் அப்படியில்லை. ஒவ்வொரு பல்லையும் முக்கோண அரத்தால் கூராக்கலாம். நார் ஓடும் திசையிலேயே அறுக்கும் ரம்பத்துக்குப் பல்லைக் குறுக்காக, நேராக அராவ வேண்டும். ஒவ்வொரு பல்லும் சின்ன உளி மாதிரி வேலை செய்யும். நாருக்குக் குறுக்கே அறுப்பதற்கு அரத்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பல் கத்தி நுனி மாதிரி ஆகும். பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக லேசாகச் சாய்த்துவிட்டால் ரம்பம் மரத்தில் சிக்காது. ஒரே ரம்பத்தை ஒருவர் தன் தேவைக்கேற்ப வேறு ரம்பமாக மாற்றிக்கொள்ள முடியும். கருவி அவருடையது என்பதற்கு இதைவிட வேறு என்ன பொருள்?

நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த தச்சரிடம் இருந்தது அந்தப் பிளாஸ்டிக் கைப்பிடி ரம்பம்தான். என் இழைப்புளியைப் பார்த்து அவர் சொன்னார்: “இதை வச்சு ஒரு கதவு இழைச்சேன்னா எனக்கு ரெண்டு நாள் கூலி போயிடும் சார். எனக்கு ரூட்டர்தான் சோறு போடுது.” தினக்கூலிக்கும் சதுர அடிக் கணக்குக்கும் வேலை செய்பவருக்கு, உட்கார்ந்து பல் அராவ நேரம் யார் தருவார்கள்? அவர் தூக்கிப்போடும் ரம்பத்தை வாங்குவது அவருடைய கணக்கில் சரி. அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் நமக்கு? யாரும் நம் நேரத்துக்குக் கூலி தரவில்லை. சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம், முழுக்க நம்முடையது. உலகத்தில் கைக்கருவியைத் தீட்டிப் பராமரிக்க நேரம் இருக்கிற ஒரே கூட்டம் நாம்தான். அந்த நாமே தூக்கிப்போடும் ரம்பத்தை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் ‘கைத்தொழில் அழிகிறதே’ என்று கண்ணீர் விட்டால், அதற்குப் பெயர் என்ன?

5

கண்ணீர் என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வருகிறார். அவர் கண்ணீர் விடவில்லை, கத்தினார்.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தச்சர். கலப்பை, வண்டிச் சக்கரம், கதவு நிலை. குடம், ஆரக்கால், வட்டை என்று ஒரு சக்கரத்தை ஒற்றை ஆளாகச் சேர்த்து நிறுத்துவாராம். கூலி என்று மாதாமாதம் கிடையாது. அறுவடைக்குக் களத்தில் அளந்து போடுகிற நெல்தான். அளப்பது அவர்கள் கை. அறுபது வயதில் அவரை, மிராசுதார் வீட்டுப் பத்து வயதுப் பையன் “ஆசாரி, இங்க வா” என்று கூப்பிடுவான். தாத்தா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு போவார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே கிராமத்துக்குத் தேவைப்படவில்லை.

அந்தத் தாத்தா தன் மகனை உளியைத் தொடவிடவில்லை. அப்பா ஒருநாள் விளையாட்டாக இழைப்புளியைத் தள்ளியதற்கு முதுகில் அடி விழுந்ததாம். அப்பா படித்தார், அரசு அலுவலகத்தில் எழுத்தரானார். தாத்தா செத்த பிறகு அவருடைய கருவிப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணுக்குப் போனது. யாரும் எண்ணெய் போடவில்லை. நான் சின்ன வயதில் திறந்து பார்த்தபோது எல்லாம் ஒரே செம்மண் நிறம். பல வருடம் அதை அப்பாவின் அலட்சியம் என்றே நினைத்திருந்தேன்.

நான் முதல் உளி வாங்கி வந்த அன்று அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

“எங்கப்பா எதைத் தொடாதடான்னு என்னை அடிச்சுத் துரத்தினாரோ, அதை நீ கிரெடிட் கார்டுல வாங்கிட்டு வந்திருக்க. உனக்கு வெக்கமா இல்ல?”

“இது வேற அப்பா. பொழுதுபோக்கு.”

“பொழுது போகாமத்தான் அவர் செஞ்சாரா?”

பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. பரணில் கிடந்த அந்தத் துரு அலட்சியத்தால் வந்ததில்லை என்பது மட்டும் புரிந்தது. அது அவர்கள் எடுத்த முடிவு.

ஆகவே, இலக்கிய நண்பர்களே, ‘நம் மரபுத் தச்சுக்கலை’, ‘விரல்களில் உறைந்த தலைமுறை ஞானம்’ என்று நீங்கள் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் குமட்டுகிறது. இந்தப் பேச்சுக்கு ஒரு வம்சாவளி உண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1909-இல் ‘இந்தியக் கைவினைஞன்’ என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். பெரிய அறிஞர், ஆலைச் சரக்கு கைவினையை அழிப்பதைக் கண்டு உண்மையாகவே மனம் நொந்தவர். ஆனால் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் குலத்தொழிலை அவர் கைவினைஞனின் பாதுகாப்பாகவும் பெருமையாகவும் பார்த்தார். களத்தில் நெல்லுக்குக் காத்து நிற்பவன் பக்கத்திலிருந்து அவர் அதைப் பார்க்கவில்லை.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. தமிழ்நாடு அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். அந்த வருடம் என் அப்பாவுக்கு ஐந்து வயது. எதிர்ப்பு வலுத்தது; 1954-இல் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. அது கைவிடப்படாமல் இருந்திருந்தால் பாதி நாள் அப்பா கையில் அந்த உளி இருந்திருக்கும். 2023-இல் ஒன்றிய அரசு தச்சர் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தை அறிவித்து, கருவிகள் வாங்க 15,000 ரூபாய் தருவதாகச் சொன்னபோது, இங்கே உடனே அதே பழைய சொல் எழுந்ததற்குக் காரணம் இதுதான். கருவி வாங்கப் பணம் கொடுப்பது கெட்ட காரியமில்லை. யார் மகன் கையில் அந்தக் கருவியைத் திணிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

6

அப்படியானால் நீ ஏன் இன்னும் மரவேலை செய்கிறாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

டேவிட் பை என்ற ஆங்கிலேயர் 1968-இல் வேலைத்திறனைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு பிரிவினையைச் செய்கிறார். ஒரு பக்கம் நிச்சயத்தின் வேலை: விளைவு முன்கூட்டியே இயந்திரத்தால் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. மறுபக்கம் ஆபத்தின் வேலை: ஒவ்வொரு நொடியும் செய்பவரின் கவனம் தவறினால் பொருள் கெடும். பையைப் பற்றி எனக்குப் பிடித்தது, அவர் இதைப் புனிதப்படுத்தவில்லை. ‘கையால் செய்தது’ என்ற சொல்லையே அவர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்.

எனக்கு அந்த ஆபத்து வேண்டும். அலுவலகத்தில் நான் செய்யும் தவறுகளைத் திரும்பப் பெற முடியும். இரண்டு விசை அழுத்தினால் நேற்றைய நிலைக்குப் போய்விடலாம். வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது. கழுந்து ஒரு மயிரிழை மெலிந்தால் மூட்டு ஆடும், அது என் தவறு, வேறு யார் மேலும் போட முடியாது. இது பெரிய தத்துவமெல்லாம் இல்லை. வளர்ந்த மனிதன் ஒருவன் வாரத்தில் இரண்டு மணி நேரமாவது சாக்குச் சொல்ல முடியாத இடத்தில் நிற்பது அவனுக்கு நல்லது, அவ்வளவே.

ஆனால் இந்த இடத்தில் நிற்க எனக்கு உரிமை தருவது என் தாத்தாவின் ரத்தம் இல்லை. ரத்தத்தில் எதுவும் வரவில்லை. என் முதல் நூறு வெட்டுகள் கோணலாகத்தான் போயின. தீட்டக் கற்றுக்கொண்டது கிரானைட் மேடையில், கூலிக்கு வந்த ஒருவரிடமிருந்து, பத்து நிமிடத்தில். யாரும் யாரிடமிருந்தும் கற்கலாம் என்பதுதான் என் அப்பாவின் தலைமுறை போராடிப் பெற்றது. அந்தக் கற்றலின் முதல் பாடம் கருவியை வாங்குவதில்லை, கருவியைப் பார்த்துக்கொள்வது. வேலையின் கௌரவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டு, வேலையின் மிகச் சலிப்பான பகுதியைச் செய்யாமல் விடுவது பழைய மிராசுதார் வழக்கம்தான். கலப்பை அவர்களிடம் இருந்தது. அதை யார் சீவித் தந்தார்கள் என்பது அவர்களுக்குத் தேவையில்லாத செய்தி.

“நேரமில்லை, அரவைச் சக்கரத்தில் காட்டி எடுத்துவிடுகிறேன்” என்கிறார்கள் சிலர். காட்டுங்கள், ஆனால் நொடிக்கொரு முறை தண்ணீரில் முக்குங்கள். சாதாரணக் கார்பன் எஃகின் நுனி நீலமாகிவிட்டால் அந்த இடம் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த நீலத்தைத் தாண்டித் தேய்த்து எடுக்கும்வரை எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. தெருவில் “சாணை பிடிக்கிறதே…” என்று மிதிசக்கரத்தோடு வருபவரிடம் சமையல் கத்திகளைக் கொடுங்கள், பேரம் பேசாமல் கொடுங்கள். உளியை மட்டும் நீங்கள் தீட்டுங்கள்.

7

கடைசியாகத் துரு. சென்னையில் இருப்பவர்களுக்கு இது தினசரிப் போர். கடல் காற்றில் உப்பு, விரலில் வியர்வை, ஐப்பசி கார்த்திகையில் சுவரே ஈரம். இரவில் இழைப்புளியின் மேல் வைத்த விரல்ரேகை சில நாளில் பழுப்பாக எழுந்து நிற்கும், போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த மாதிரி.

வைத்தியம் எளிது. வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, அரை நிமிடம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் காறிப்போய்ப் பிசுக்காகும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், உள்ளே சிக்கிய ஈரம் வெளியே போக வழியில்லை. மரக் கைப்பிடிகளுக்கு வருடம் ஒரு முறை ஆளிவிதை எண்ணெய் தடவலாம். ஆனால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். இரும்புச் சுத்தியலால் மரக் கைப்பிடி உளியை அடிக்காதீர்கள், கைப்பிடி தலை பிளந்து காளானாகும். அதற்குத்தான் கொட்டாப்புளி செய்யச் சொன்னேன்.

தாத்தாவின் பெட்டியைப் போன வருடம் பரணிலிருந்து இறக்கினேன். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான். “என்னமோ பண்ணு” என்றார். இரண்டு உளிகள் உள்வரை அரித்துப்போயிருந்தன. ஒன்றை மீட்க முடிந்தது. மரத்தில் செய்த, ஆப்பு வைத்து இறுக்கும் இழைப்புளி ஒன்றின் கட்டை செல்லரிக்காமல் இருந்தது, தகடும் தேறிவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்ததை அப்பா நாற்காலியிலிருந்து ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டவில்லை. “கல்லு நடுவுல குழி விழுந்திருக்கு பாரு. எங்கப்பா கல்லு அப்படி இருக்காது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் சொன்னது சரி. நடுவிலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன். கல்லின் முழு அகலத்தையும் பயன்படுத்த வேண்டும்.

நண்பனே, உன் சுவரில் இருக்கும் 12 உளியில் 10-ஐ இறக்கி, எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வை. மீதி இரண்டோடு இந்த வாரம் ஹார்டுவேர் கடைக்குப் போ. கல்லை வாங்கிக்கொண்டு வந்து தட்டைப் பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கு. ஒரு மணி நேரம் ஆகும். படம் எடுத்து அனுப்ப அதில் ஒன்றும் இருக்காது.